எண் காட்டும் வெப்பக் காவலன்

சென்னையில் கொதிக்கும் நீரும் நம் குடுபல்லியில் கொதிக்கும் நீரும் ஒரே அளவு சூடுடையன அல்ல. இதனைக் கேட்ட அளவில் அன்பர்கள் சிலர் புன்முறுவல் பூப்பர். ஆயினும் உண்மை அதுவே. கடற்கரை ஊர்களில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கின்றது. ஜோலார்பேட்டையை விட்டு மேட்டில் ஏறும் வண்டி குப்பத்தைக் கடந்து நம் நிலையத்தை அடையும்போது கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் வந்துவிடுகின்றது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. அழுத்தம் குறையவே நீரும் முன்னதாகவே கொதித்துவிடுகின்றது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்று கொள்ளலாம். ஆகவே நம் அடுப்பங்கரையில் கொதிக்கும் நீரின் சூடு 98 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

இச்சிறு வேறுபாட்டை இத்திங்கள் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் 'டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர்' என்னும் சிறு கருவி அண்மைக்காலமாக இடம்பெற்று வருகின்றது. உள்ளங்கை அளவே உள்ள இப்பெட்டி, எரியும் எண்களால் சூட்டைக் காட்டும். நாம் குறித்த சூடு வந்தவுடன் மின்னடுப்பை நிறுத்தும். சூடு குறைந்தால் மீண்டும் மூட்டும். அன்பர் ஒருவர் இதனை அஞ்சலில் தருவித்து, அதன் உணர்முனையைக் கொதிநீரில் இட்டுப் பார்த்தார். எண் 97.6 என்று காட்டியது. 'கருவி பழுது' என்று முடிவு செய்து, திருத்தப் பகுதியில் 2.4 கூட்டி 100 ஆக்கிவிட்டார். கருவி பழுதன்று, அது மெய்யே கூறியது. அத்திருத்தத்திற்குப் பின்னரே அது பொய் கூறத் தொடங்கியது. அன்று முதல் அது 63 என்று காட்டும்போது உண்மைச் சூடு 60.6 மட்டுமே. மீனும் இறைச்சியும் சமைப்போர்க்கு இந்த இரண்டரை டிகிரி அற்பமன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இக்கருவியை நம்மவர் நாடுவதன் நோக்கம் பெரும்பாலும் புகையூட்டிய மீனே. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் இராமநாதபுரத்துக் கரையோரத்திலிருந்தும் பிழைப்பை நாடி இம்மேட்டு நிலத்திற்கு வந்த குடும்பங்களுக்கு ஏரி மீனாகிய கட்லாவும் ரோகுவும் கிடைக்கின்றனவே அன்றி, மாசியின் மணம் எளிதில் கிடைப்பதில்லை. மாசி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கல்போல் உலர்த்திய பண்டம். மாலத்தீவிலும் இலட்சத்தீவின் மினிக்காயிலும் தேங்காய் மட்டைப் புகையில் இதனைப் பக்குவம் செய்கின்றனர். அக்கைப்பக்குவம் தலைமுறை தலைமுறையாக வருவது. அங்கே கைக்கும் மூக்குக்கும் தெரிந்ததை, இங்கே தகரப் பெட்டியும் மின்சுருளும் எண் காட்டும் கருவியும் கொண்டு செய்ய முயல்கின்றோம். முயற்சி நன்றே; முறை தெரிந்து செய்தல் வேண்டும்.

முதற்கண், கருவிகளில் இரு வகை உண்டு என்பதை அறிதல் வேண்டும்.

முதல் வகை, நிறுத்துதல், மூட்டுதல் என்னும் இரண்டே செயலுடையது. எஸ்.டி.சி. 1000 என்னும் பெயரில் கடைகளில் மிகுதியாக விற்பது இவ்வகையினதே. அதில் நான்கு அமைப்புகள் உள. எஃப் 1 என்பது வேண்டிய சூடு. எஃப் 2 என்பது இடைவெளி. எஃப் 3 என்பது குளிர்விக்கும் எந்திரத்திற்கு உரிய தாமதம். அடுப்புக்கு அதனால் பயனில்லை. எஃப் 4 என்பது மேலே கூறிய திருத்தம். சூட்டை 80 என்றும் இடைவெளியை 2 என்றும் வைத்தால், 80-இல் அடுப்பு நிற்கும். 78-க்கு இறங்கியதும் மீண்டும் மூளும். இடைவெளியை மிகக் குறைத்தால் உள்ளிருக்கும் ரிலே ஓயாது தட்டித் தட்டி விரைவில் தேய்ந்துபோகும். இக்கருவி 99 டிகிரி வரையே செல்லும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது. புகைப் பெட்டிக்கு அது போதும். ரொட்டி சுடும் அடுப்புக்குப் போதாது.

இரண்டாம் வகை பி.ஐ.டி. எனப்படுவது. பெயர் அச்சுறுத்தும், பொருள் எளிது. இரயில்வே குடும்பங்களுக்கு ஓர் உவமையால் விளக்குவோம். வண்டியை ஓட்டுபவர் நடைமேடை வந்த பின்னரே விசையை நிறுத்தினால் வண்டி நிலையத்தைக் கடந்தன்றோ நிற்கும்? முதல் வகைக் கருவி அத்தகைய ஓட்டுநர். 80-இல் மின்சாரத்தை நிறுத்தினாலும் சிவந்த சுருளில் தங்கிய சூடு பெட்டியை 88-க்கும் 90-க்கும் கொண்டு சென்றுவிடும். தேர்ந்த ஓட்டுநர் மூன்றனை நோக்குகின்றார்: நிலையம் இன்னும் எவ்வளவு தொலைவு, வழியில் எவ்வளவு நேரம் பின்தங்கினோம், இப்போது எவ்வளவு விரைவில் நெருங்குகின்றோம். பி, ஐ, டி என்னும் மூன்று எழுத்துகளும் முறையே இம்மூன்றையே குறிக்கின்றன. மினோர்ஸ்கி என்னும் அறிஞர், கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் மாலுமி எவ்வாறு திருப்புகின்றான் என்பதை ஆராய்ந்து 1922-இல் இம்முறையைக் கணக்காக எழுதினார். 1942-இல் சீக்லர், நிக்கல்ஸ் என்னும் இருவர் அம்மூன்று எண்களையும் கண்டறிய எளிய வழி வகுத்தனர். இன்று அவ்வேலையையும் கருவியே செய்துகொள்கின்றது. ஏ.டி.யு. என்னும் பகுதியில் 1 என வைத்தால், அது தானே சூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்துத் தனக்குரிய எண்களைக் குறித்துக்கொள்ளும்.

அவ்வாறு குறிக்கச் செய்யும்போது பெட்டியை வெறுமையாக வைத்தல் ஆகாது. வெறும் வண்டி நிற்கும் முறை வேறு, சரக்கேற்றிய வண்டி நிற்கும் முறை வேறு. மீன் தொங்கும் அளவுக்கு ஒத்த எடையில் நீர்ப் பாத்திரங்களை உள்ளே வைத்து, கதவை மூடி, புகைபோக்கியை வழக்கம்போல் திறந்துவைத்துச் செய்க. நம்மூரில் மின்னழுத்தம் சிலபொழுது 230 வோல்ட்டிலிருந்து 190-க்கு இறங்குதல் உண்டு. அந்நிலையில் 1000 வாட் சுருள் ஏறத்தாழ 680 வாட் சூடே தரும். ஆகவே மின்சாரம் நிலையாக உள்ள வேளை பார்த்தே இதனைச் செய்தல் நலம்.

நிற்க. எவ்வகைக் கருவியாயினும் அடுப்பில் பூட்டுமுன் நான்கு சோதனைகள் இன்றியமையாதன.

முதலாவது, உணர்முனையின் வகை. பி.ஐ.டி. கருவிகளுடன் பெரும்பாலும் வருவது கே வகைத் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளின் கூட்டில் சூட்டினால் தோன்றும் மிகச் சிறு மின்னழுத்தத்தை அது அளந்து கூறும். மற்றொன்று பி.டி. 100, பிளாட்டினக் கம்பியின் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம் ஆகவும் 100 டிகிரியில் 138.5 ஓம் ஆகவும் இருப்பதை வைத்து அளப்பது. கருவியில் குறித்த வகையும் கையில் உள்ள முனையும் வேறுபட்டால் எண்கள் பொருளற்றுப்போகும்.

இரண்டாவது, கம்பியின் திசை. முனையை உள்ளங்கையில் பிடித்துக்கொள்க. எண் ஏறுதல் வேண்டும். இறங்கினால் இரு கம்பிகளும் மாறியுள்ளன என்பது வெளிப்படை. இதனைக் கவனியாது விட்டால், பெட்டி சுட்டெரிக்கும்போது கருவி 'குளிர்கின்றது' என்று எண்ணி மேலும் மேலும் மூட்டும்.

மூன்றாவது, செயலின் திசை. இதே கருவி குளிர்சாதனப் பெட்டிக்கும் பயன்படுவதாகலின், சூடாக்கும் முறையில் வைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். வேண்டிய சூட்டை அறையின் சூட்டிலும் மிகுத்து வைத்தால் வெளியீட்டு விளக்கு எரிதல் வேண்டும். குறைத்து வைத்தால் அணைதல் வேண்டும்.

நான்காவது, எண்ணின் மெய்ம்மை. பனிக்கட்டியை நன்கு நொறுக்கி ஒரு குவளை நிறைய இட்டு, சிறிது நீர் சேர்த்துக் கலக்கி, முனையை நடுவே வைத்துச் சில நிமிடம் பொறுத்துப் பார்க்கவும். 0 காட்டுதல் வேண்டும். பனிக்கட்டி நீர் சென்னையிலும் குடுபல்லியிலும் ஒன்றே. அதன்பின் கொதிநீரில் பார்க்கவும். நம்மூரில் 98-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் அதுவே சரி. இவ்விரண்டிலும் ஒரே அளவு பிழை தெரிந்தால் மட்டும் அதனைத் திருத்துக. அரை டிகிரிப் பிழையை நாடித் திரிய வேண்டுவதில்லை.

இனி உயிரைப் பற்றிய செய்திக்கு வருவோம். இருப்புப்பாதைத் தொழிலில் ஓர் அடிப்படை நெறி உண்டு. பழைய கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்துபோனால், அதன் கை தானாகவே 'நில்' என்னும் நிலைக்கு வந்துவிடும். பழுது நேர்ந்தால் அப்பழுது காப்பின் பக்கமே சாயுமாறு நம் முன்னோர் அமைத்தனர். இக்கருவிகள் அவ்வாறல்ல. பி.ஐ.டி. கருவியுடன் இணைக்கும் எஸ்.எஸ்.ஆர். என்னும் மின்னணு ரிலே கெடும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விட்டபடியே கெடும். எண் பெட்டி 'நிறுத்து' என்று ஆணையிட்டாலும் சுருள் எரிந்துகொண்டே இருக்கும். மற்றோர் இடர், உணர்முனை நழுவிப் பெட்டிக்கு வெளியே விழுதல். அப்போது கருவிக்கு அறையின் சூடே தெரியும். உள்ளே கொழுப்பு தீப்பற்றும் வரையில் அது மூட்டிக்கொண்டே இருக்கும். கருவியின் மேல் குற்றமில்லை. அது தன் முனை இருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும்.

எனவே இரண்டாம் காவலன் ஒருவன் வேண்டும். சுருளுக்குச் செல்லும் கம்பியிலேயே, கருவியோடு தொடர்பில்லாத, குறித்த சூட்டில் தானே அறுத்துவிடும் 'தெர்மல் கட்-அவுட்' ஒன்றைப் பெட்டியின் உட்சுவரில் பூட்டுதல் வேண்டும். அதன் விலை சிறிது. அது காப்பதோ ஒரு குடும்பம். எஸ்.எஸ்.ஆர்.-ஐ அலுமினியத் தகட்டின்மேல் பொருத்தாது விட்டால் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும். 2000 வாட் சுருள் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் என்று குறித்த சிறு ரிலேயின்மேல் அதனை மணிக்கணக்கில் சுமத்துதல் தகாது. 1000 வாட்டோடு நிறுத்துவது அறிவுடைமை. தகரப் பெட்டிக்கு எர்த் கம்பி கட்டாயம் வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் அறுக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் இல்லத்தில் இருத்தல் நன்று. இவற்றை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். இரவுப் பணிக்குச் செல்லும் கணவரும், வீட்டில் தனித்திருக்கும் மனைவி மக்களும் உள்ள குடியிருப்புகள் நம்முடையவை. ஆளில்லா வேளையில் புகைப் பெட்டியை எரியவிட்டுச் செல்லுதல் ஒருகாலும் ஆகாது. மூடிய அறையிலும் ஆகாது; புகையும் மரத்தூளிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை; உறங்குவோரை எழாமற் செய்துவிடும். முற்றத்திலோ திறந்த தாழ்வாரத்திலோ வைப்பதே முறை.

மீனின் பக்குவத்திற்கு வருவோம். 1930-களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து டோரி ஆராய்ச்சி நிலையத்தார், காற்றும் சூடும் புகையும் கட்டுக்குள் நிற்கும் சூளை ஒன்றை அமைத்தனர். அதுவரை கூரை உயரப் புகைக்கூண்டுகளில் காற்றின் போக்குக்கேற்ப நடந்த தொழில், அதன்பின் குறித்த கணக்கில் நடைபெறலாயிற்று. அச்சூளை கற்பித்த பாடம், சூட்டைப் படிப்படியாக ஏற்றுதல் என்பதாம். உப்புநீரில் ஊறிய மீனை முதலில் ஈரம் வடிய உலர்த்தி, 30 டிகிரியளவில் அரைமணி வைத்து, பின்னர் 50-க்கும், இறுதியில் 80-க்கும் உயர்த்துவர். எடுத்த எடுப்பில் 80-இல் வைத்தால் மேற்புறம் காய்ந்து இறுகி, உட்புறம் வேகாது நிற்கும். மீன் கொக்கியிலிருந்து பிய்ந்து விழும். ஆகவே கருவியில் சூட்டை மும்முறை மாற்றி அமைத்தல் வேண்டும்.

உணர்முனை மீன் தொங்கும் உயரத்தில், சுவரையும் சுருளையும் தொடாது நிற்றல் வேண்டும். அப்போதும் அது காட்டுவது காற்றின் சூடே அன்றி மீனின் சூடு அன்று. காற்று 80-இல் இருக்க, மீனின் நடு 50-இலேயே நெடுநேரம் நிற்கக்கூடும். அமெரிக்க நாட்டு உணவு மருந்து ஆட்சித்துறையார் சூட்டுப்புகை மீனுக்கு வகுத்த வழிகாட்டு, மீனின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டி அரைமணி நேரம் அவ்வளவில் நிற்றல் வேண்டும் என்பது. இதற்கெனக் கம்பி முனையுள்ள தனி வெப்பமானி ஒன்றை மிகத் தடித்த மீனின் நடுவில் செருகிப் பார்த்தல் வேண்டும். 63 என்று காட்டி உண்மையில் 60.6 மட்டுமே இருந்தால் என்ன நேரும் என்பது இப்போது விளங்கும். உண்பவர் நம் பிள்ளைகள் அல்லரோ?

சூட்டாலும் தீராத தீங்கு ஒன்றுண்டு. சூரை, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் பிடித்தபின் பனிக்கட்டியின்றிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப் பொருள் தோன்றும். அது வேகவைத்தாலும் நீங்காது, புகையூட்டினாலும் நீங்காது. கடலுக்குத் தொலைவில் வாழும் நமக்கு, மீன் வந்த வழியே முதற் சோதனை. பெட்டியைத் திறக்கும்போது பனிக்கட்டி கரைந்து மீன் வெதுவெதுப்பாக இருந்தால், விலையை எண்ணி மயங்காது விலக்கிவிடுதலே அறம்.

இன்னொரு மயக்கத்தையும் நீக்குவோம். கருவாடு கெடாதிருப்பதற்குக் காரணம் அதன் உப்பும் வறட்சியும். மாசி கெடாதிருப்பதற்குக் காரணம் அதன் கல் போன்ற உலர்வு. நம் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் புகையூட்டிய மீன் ஈரமுடையது. நிறமும் மணமும் மாசியை ஒத்திருக்கும். ஆயுளோ சமைத்த குழம்பு மீனின் ஆயுளே. அதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் உண்டுவிடுக. காற்றுப் புகாத உறையிலிட்டு அலமாரியில் வைத்தல் கொடிய நஞ்சுக்கு இடந்தரும். ஊரிலிருக்கும் உறவினருக்கு இரவு வண்டியில் கொடுத்தனுப்பும் ஆசை எழும். பனிக்கட்டிப் பெட்டியின்றி அனுப்பற்க.

விறகைப் பற்றி ஒரு சொல். சித்தூர் மாவட்டம் மாவுக்குப் பேர்போனது. நன்கு காய்ந்த மாஞ்சிராயும் தேங்காய் மட்டையும் நற்புகை தரும். வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், பிசின் வடியும் மரம் ஆகியன ஆகா. மரத்தூள் கனன்று புகைதல் வேண்டுமே அன்றிச் சுடர்விட்டு எரிதல் கூடாது. புகைக்கரி உணர்முனையில் படிந்தால் அது சூட்டைத் தாமதமாகவே அறியும். ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்கவும்.

புலால் உண்ணாத இல்லங்கட்கும் இக்கருவி உதவும். மார்கழி, தைத் திங்களில் நம் மேட்டு நிலத்துக் குளிரில் இட்லி மாவு புளிக்காது கல்லாகக் கிடப்பதை அறியாத இல்லத்தரசி யார்? மூடிய பெட்டியில் 40 வாட் பழைய வகைக் குமிழ் விளக்கு ஒன்றை அடுப்பாக்கி, எஃப் 1-இல் 30 என்றும் எஃப் 2-இல் 1 என்றும் வைத்தால், விடியும்போது மாவு பொங்கி நிற்கும். மாவுப் பாத்திரத்தில் விளிம்பு வரை ஊற்றாதிருத்தல் மட்டும் இல்லத்தரசியாரின் பொறுப்பு. மின்செலவைப் பற்றியும் கவலை வேண்டா. 1000 வாட் புகைப் பெட்டி 5 மணி நேரம் நடந்தாலும், கருவி அதனை நூற்றுக்கு 40 பங்கு நேரமே எரியவிட்டால் 2 யூனிட் மட்டுமே ஆகும்.

நம்மவருள் சிலர் இதனைச் சிறு தொழிலாக்கி, ஞாயிறு தோறும் அண்டை வீட்டாருக்கு விற்க எண்ணுகின்றனர். எண்ணம் பாராட்டத்தக்கது, ஒரு சம்பளத்தில் இரண்டு ஊர்க் குடும்பங்களைத் தாங்குவோர் படும் பாடு நாம் அறியாததன்று. விற்பனை என்று வந்துவிட்டால், எத்துணைச் சிறிதாயினும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அதனினும் முதன்மையானது ஒரு குறிப்பேடு. மீன் வந்த நாள், பனிக்கட்டியின் நிலை, பெட்டியின் சூடு, மீனின் நடுச்சூடு, அது நின்ற நேரம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க. நிலையங்களில் வண்டி கடந்த நேரத்தை எழுதிவைப்பது ஏன்? பின்னொரு நாள் ஐயம் எழுந்தால் நினைவை நம்பாது ஏட்டை நம்புவதற்காக. உண்போர் நலத்திற்கும் அந்த ஏடே சான்று.

கருவி நாம் கூறிய எண்ணை மாறாது காக்கும். எந்த எண்ணைக் கூறுவது, முனையை எங்கே வைப்பது, மீன் வந்த வழி யாது என்பவற்றை அது அறியாது. அவ்வறிவு அடுப்பருகே நிற்பவரிடம் இருத்தல் வேண்டும். கருவியுடன் வரும் ஆங்கிலக் குறிப்புத் தாள் விளங்காவிடில், படிக்கும் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒவ்வோர் அமைப்பையும் தமிழில் ஒரு தாளில் எழுதச் செய்து, பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கவும். பிள்ளைகளுக்கும் அது நற்பயிற்சி. இரவில் தனித்து நின்று அடுப்பைப் பார்க்கும் தாய்மார்க்கும் அது துணை.